கறுத்தது ஒளித்துவைத்த கன்று

காலை ஒன்பதரை மணிக்கு, வெட்டிய ரப்பர் பாலை எஸ்டேட் ஷெட்டில் ஊற்றிவிட்டு, பெமிலா சரிவின் கீழ் ஓரத்துக்கு இறங்கி வந்தாள். பசு கட்டின இடத்தில் இல்லை. முளை அடித்தபடியே நின்றது. கயிறு முடிச்சு அவிழாமல் வட்டமாகக் கிடந்தது. மாடு தலையை உருவிக்கொண்டு போயிருந்தது.

வெகுதூரம் போகவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று புல் கடித்துக்கொண்டிருந்தது. பெமிலாவைப் பார்த்துக் காதை ஒருமுறை அசைத்தது, அவ்வளவுதான். விடிகாலையில் பீப்பாய் மாதிரி இருந்த வயிறு ஒட்டிப்போயிருந்தது. பின்னங்கால் இரண்டிலும் ரத்தம் காய்ந்திருந்தது. மடி புடைத்து நின்றது. ஒரு காம்பு மட்டும் நனைந்து பளபளத்தது. ஏதோ ஒன்று அதைச் சப்பியிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைக் காணோம்.

பெமிலா முதலில் செய்த காரியம், நின்ற இடத்திலேயே உட்கார்ந்ததுதான். பயமில்லை, கால் ஓய்ந்துவிட்டது. விடிவதற்கு முன் தொடங்கி முந்நூற்றைம்பது மரத்தில் பட்டை வெட்டி, மறுபடி அதே முந்நூற்றைம்பது மரத்துக்கும் நடந்து பால் எடுத்து, சுமந்து இறக்கிவிட்டு வருகிற உடம்பு அது. இன்றைக்கு வியாழக்கிழமை. சனிக்கிழமை மாட்டு லாரி வரும். கன்று கிடைக்காவிட்டால் பசு அதில் ஏறும்.

பெமிலாவுக்கு நாற்பத்தாறு வயது. அருமனைக்குக் கிழக்கே, நிலம் மலையாக மாறத் தொடங்கும் இடத்தில் வீடு. கல்யாணம் கழிந்து இரண்டாம் வருஷம் வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்தாள். இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. வாளி தூக்கித் தூக்கி இடது தோள் வலதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டது. கணவன் எட்சன் மஸ்கட்டில் கொத்தனார். மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனால், பிரசங்கம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் பெமிலாவின் கண் செருகும். போதகர் ஒன்றும் சொல்வதில்லை. மலையடிவாரச் சபையில் பாதிப் பேர் பால்வெட்டுக்காரர்கள். எல்லோரையும் எழுப்பத் தொடங்கினால் ஆராதனை முடியாது.

வீட்டில் அவளும் பசுவும்தான். முன்பு ரோஸி என்று ஒரு ஜெர்சிக் கலப்பு நின்றது. வேளைக்கு ஆறு லிட்டர் கறக்கும். யார் கறந்தாலும் கறக்கும். கன்றைப் பிரித்தால் மூன்றாம் நாள் மறந்துவிடும். தோல் கழலை நோய் ஊரைச் சுற்றிய வருஷம் உடம்பெல்லாம் கட்டி கட்டியாகப் புடைத்து, பதினோராவது நாள் செத்தது. அதற்குப் பிறகு, நோய் லேசில் அண்டாத மாடு வேண்டுமென்று, பேச்சிப்பாறைக்கு அப்பால் காட்டோரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து இந்த நாட்டுப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இடுப்பு உயரம். கறுப்பு. சின்னத் திமில், உள்பக்கம் வளைந்த கொம்பு. அங்கே மாடுகளைக் கட்டுவதில்லை. காலையில் காட்டுக்குள் போகும், சாயங்காலம் தோன்றினால் வரும்.

"பழகின மாடுதானா?" என்று அவள் கேட்டதற்கு, விற்றவர், "பழகினா பழகும்" என்றார்.

கயிற்றுக்குப் பழகவே மூன்று மாதம் ஆனது. பெமிலாவை இரண்டு முறை உதைத்தது, ஒரு முறை வேலிமேல் தள்ளியது. லில்லி என்று பெயர் வைத்துப் பார்த்தாள், திரும்பியும் பார்க்கவில்லை. ஊரில் எல்லோரும் 'கறுத்தது' என்றார்கள். அதுவே நிலைத்தது. சினை ஊசி ஐந்து முறை போட்டும் பிடிக்கவில்லை. ஆறாவது முறை பிடித்தது. அதற்குள் எட்சன் பொறுமை இழந்திருந்தான்.

"பெத்துப் பால் தந்தா நிக்கட்டு. இல்லன்னா ஏத்தி விடு. ரெண்டு வருசமா அதுக்குப் புல்லறுத்தே ஒனக்க நடு ஒடிஞ்சி போச்சு" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் பெமிலாவின் கஷ்டம். திங்கட்கிழமை மாட்டு வியாபாரி வந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார். வயிற்றைத் தட்டினார். சனிக்கிழமை கேரளத்துக்கு லாரி போகிறது என்றார். "பெத்தாலும் கன்னு நிக்கணும், கேட்டியளா. கன்னு பக்கத்துல இல்லாம நாட்டுப் பசு ஒரு சொட்டு எறக்காது. மடி கல்லாப் போவும். அப்பம் நீங்களே என்னக் கூப்பிடுவிய."

இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றுதான் பெமிலா கணக்கிட்டிருந்தாள். இன்று விடிகாலையில் தொழுவத்தை விட்டு வெளியே வர மாடு மறுத்தது. நேரமாகிறதே என்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து இங்கே கட்டினாள். அது பேறுவலி என்று இப்போதுதான் உறைத்தது.

எழுந்தாள். அப்போதுதான் பசு முதுகை வளைத்து முக்கியது. நஞ்சுக்கொடி மொத்தமாக வழுக்கி விழுந்தது. பசு திரும்பி, முகர்ந்து, நாக்கை நீட்டி அதைத் தின்னத் தொடங்கியது.

பெமிலா பாய்ந்தாள். நஞ்சுக்கொடியைப் பசு தின்றால் பால் வற்றிப்போகும் என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அதைக் கட்டி, பால் வடிகிற மரத்தில் உயரமாகத் தூக்க வேண்டும். மரத்தில் பால் இருக்கிற மாதிரி மடியிலும் பால் இருக்கும். பசு கொம்பைத் தாழ்த்தியது. பெமிலா விடவில்லை. ஒரு முனை அதன் வாயில், மறுமுனை இவள் கையில். கடைசியில் தட்டி, அதட்டி, பிடுங்கி எடுத்தாள். உரச்சாக்கில் போட்டு வாயைக் கட்டினாள். ஆலமரமோ பலாவோ பக்கத்தில் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர். அதிலும் பால்தானே வடிகிறது என்று, ஒரு ரப்பர் மரத்தின் கவட்டையில் கயிற்றை எறிந்து சாக்கைத் தூக்கினாள்.

"ரப்பர் மரத்துலயா கெட்டுத? நாளைக்கு மடியப் புடிச்சா ரப்பர் ஷீட்டு ஷீட்டா வரும், பாத்துக்க."

எஸ்டேட் காவல்காரர் இஞ்ஞாசி மேட்டிலிருந்து கம்பை ஊன்றி இறங்கி வந்துகொண்டிருந்தார். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். முழங்கால் கெட்டுப்போனதால் கடலை விட்டு, மருமகன் சிபாரிசில் மலைக்கு வந்தவர். நான்கு வருஷமாகியும் மரங்களைப் பார்த்தால் அவருக்கு மூச்சு முட்டும்.

"வாய மூடும் அண்ணே. கன்னுக்குட்டியக் காணல."

"பசுவுக்க வயிறு எறங்கித்தான் இருக்கு. பெத்துச்சா, இல்ல காத்துப் போச்சா?"

"பெத்திருக்கு. பாலும் குடிச்சிருக்கு. எங்க போச்சுன்னுதான் தெரியல."

"பிறந்த குட்டி எங்க பிள்ளே போவும்? பஸ் ஏறிப் போச்சா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கம்பை மாற்றிப் பிடித்தார். "சரி, நீ கெழக்க பாரு. நான் ஓடைக்கரையப் பாக்கேன்."

பதினொன்றரை வரை தேடினார்கள். பாறைகளுக்குப் பின்னால் பார்த்தார்கள், ஓடையில் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்தார்கள், மழைநீர் அரித்த பள்ளங்களில் கம்பை விட்டுப் பார்த்தார்கள். போன வருஷம் புதிதாக ரப்பர்க் கன்று நட்ட பகுதியில், மண் அரிக்காமல் இருக்கப் படரவிட்ட பயற்றங்கொடி முழங்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. பெமிலா அதற்குள் நான்கு முறை போய் வந்தாள். பாம்புக்குப் பயந்து காலைத் தரையில் அடித்து அடித்து நடந்தாள். இவ்வளவு நேரமும் பசு மேய்ந்துகொண்டிருந்தது. தன் பிள்ளையைத் தேடுகிறார்கள் என்ற நினைப்பே அதற்கு இல்லை. ஒரு முறை படுத்து அசைகூடப் போட்டது.

"இது பெத்த தள்ளையா, இல்ல பக்கத்து வீட்டுக்காரியா?" என்றார் இஞ்ஞாசி.

எட்சன் வீடியோவில் வந்தான். பின்னால் பாதி கட்டிய சுவர். தலையில் மஞ்சள் தொப்பி.

"ஏட்டி, கேமராவத் திருப்பு. எனக்கு ஒனக்க மூக்குத் துவாரந்தான் தெரியுது."

திருப்பினாள்.

"எடது பக்கம் போ. அந்தா ஒரு மரத்து மூடு தெரியுதுல்லா, அதுக்க பொறத்த பாரு."

"பாத்தாச்சு."

"அதுக்க அந்தாண்ட?"

"மஸ்கட்டுல இருந்துட்டு எனக்கு வழி சொல்லுதிய. ரெண்டு மணிக்கூறா இங்கனதான் சுத்துதேன்."

எட்சன் தொப்பியைக் கழற்றினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நரி கிரி கொண்டு போயிருக்கும். விடு. நீ போய்க் கஞ்சியக் குடிச்சிட்டுப் படு. சனியாழ்ச்ச அந்த ஆளு வருவாம்லா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். பெமிலாவுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்கு டெனிஷைக் கூப்பிட்டாள். சினை ஊசி போடுகிறவன் அவன். முப்பது வயது. உறைவிந்து வைத்த நைட்ரஜன் குடுவையைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு திருவட்டாறு முதல் மலையடி வரை சுற்றுவான். ஊர் அவனை 'காளை' என்று கேலி செய்யும். மாடுகளைப் பற்றிக் கைபேசியில் கிடைப்பதையெல்லாம் வாசித்து, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லுவான்.

"அக்கா, பசு கத்துதா?"

"இல்ல."

"தேடுதா?"

"புல்லத் தின்னுது."

"அப்பம் கன்னு உயிரோட இருக்கு" என்றான் டெனிஷ். அவன் குரலில் உற்சாகம் வந்துவிட்டது. "அது தொலைக்கல அக்கா. ஒளிச்சு வச்சிருக்கு. இது நம்ம பழக்கின குணம் இல்ல. காட்டுல இருந்த காலத்துக்க குணம். பிறந்த குட்டிக்கு ஓட முடியாதுல்லா? அதனால தள்ள பாலக் குடுத்து எங்கயாவது பொதருக்குள்ள படுக்க வச்சிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி தூரத்துல போய் மேயும். புலி பாத்தா தள்ளையத்தான் பாக்கும். குட்டி மூச்சுக்கூட விடாம கெடக்கும். நீங்க பக்கத்துல போனாலும் அசையாது. தள்ள வந்து அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் குடுக்கணும், அப்பத்தான் எந்திரிக்கும். ஜெர்சிக்கெல்லாம் இது பாதி மறந்துபோச்சு. கன்னக் கண்ணுல காட்டாமத்தான நம்ம வளக்கோம். ஒங்க மாடு காட்டுல பெறந்து வளந்தது, அதுக்கு மறக்கல."

"இங்க ஏது மக்கா புலி?"

"அதுக்குத் தெரியுமா? எட்டாயிரம் வருசமாச்சு, சிந்து நதிக்கு அந்தப் பக்கம் யாரோ மொதல்ல அதுக்க பாட்டிக்குக் கயிறு போட்டு. அதுக்கு இப்பமும் புலி இருக்கு. திமில் இல்லாத ஜாதி வேற பக்கம் பழக்கினது. அதுக்க காட்டு ஜாதியெல்லாம் தீந்து, கடைசியா நின்ன ஒண்ணு போலந்துல நானூறு வருசத்துக்கு முன்ன செத்துச்சு. அதுவும் ஒரு பசுதான், கேட்டியளா, தனியா நின்னு..."

"டெனிஷே, எனக்கு இப்பம் போலந்துக்காரிக்க பசுவா வேணும்? எனக்க கன்னு எங்க?"

"அத நீங்க தேடக்கூடாது. நீங்க தேடுத வரைக்கும் அது போவாது. நீங்கதான் அதுக்குப் புலி."

பெமிலா இரண்டு வருஷம் புல்லறுத்துப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா, நஞ்சுக்கொடி விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. சாக்குல கெட்டி மரத்துல தூக்கியாச்சு. அது தின்னப் பாத்துச்சு, விடுவேனா?"

மறுமுனையில் பைக் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"மக்கா?"

"அக்கா, அது தின்னது மணத்த அழிக்கதுக்கு. ரத்த மணம் கெடந்தா கடிக்கது எல்லாம் வந்து சேரும்ணுதான் அதத் தின்னு தீக்குது. நீங்க அத எடுத்து ஒசரத்துல கெட்டித் தூக்கி..." அவன் முடிக்கவில்லை. "அங்க நாய் உண்டா?"

பெமிலா தலையைத் திருப்பினாள். சாக்கு தொங்கிய மரத்தின் கீழே ஒரு செவலை நாய் மூக்கை உயர்த்தி நின்றுகொண்டிருந்தது.

அந்த எஸ்டேட்டில் நாய்கள் உண்டு. கீழே தார் ரோட்டு வளைவில், கேரள எல்லை தாண்டி வரும் வண்டிகள் கோழிக்கழிவைக் கொட்டிவிட்டுப் போகும். எத்தனை மனு கொடுத்தாலும் வாரத்துக்கு இரண்டு லோடு தவறாது. அதைத் தின்று கொழுத்த நாய்கள் கூட்டமாகத் திரிந்தன. போன மாதம் ஒரு வீட்டில் இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் கூண்டோடு இழுத்துப் போட்டிருந்தன.

செவலைக்குப் பின்னால் இரண்டு. ஓடைப் பக்கமிருந்து மூன்று. சற்றுப் பொறுத்து, வாலறுந்த கறுப்பு ஒன்று. சாக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியதை நக்கின. நக்கி முடித்தவை மூக்கைத் தரையில் வைத்து வட்டமடிக்கத் தொடங்கின. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

அப்போதுதான் பசு மேய்வதை நிறுத்தியது. தலையைத் தூக்கியது. எந்தப் பக்கமும் பார்க்காமல் நாய்களை மட்டும் பார்த்தது. அதன் தோல் விலாவோரம் நடுங்கியதைப் பெமிலா கண்டாள். கன்று கிட்டத்தில்தான் இருக்கிறது.

இஞ்ஞாசி கல்லெறிந்தார். நாய்கள் பத்தடி விலகின, பன்னிரண்டடி நெருங்கின. "எத்தனன்னு பிள்ளே எறிய? கடல்ல சுறாவுக்கும் இதுதான் கத. ரத்தம் இருக்கும் வரைக்கும் அது போவாது."

பெமிலா இடுப்பிலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்து, கட்டிய கயிற்றை அறுத்தாள். சாக்கு தொப்பென்று விழுந்தது. ஏழு நாய்களும் திரும்பின. சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கத் தொடங்கினாள்.

"ஏய், கடிச்சிப் போடும்!" என்று கத்தினார் இஞ்ஞாசி.

"நீரு அங்கயே நில்லும் அண்ணே! மிஞ்சினது ஒண்ணும் மேல ஏறாமப் பாத்துக்கிடும்!"

ரோட்டு வளைவு முக்கால் கிலோமீட்டர் இருக்கும். ஓடையைத் தாண்டி, படிப்படியாக வெட்டிய ரப்பர் வரிசைகளில் குறுக்கே இறங்க வேண்டும். சாக்கு கல்லில் தட்டி, வேரில் மாட்டியது. செவலை முதலில் பாய்ந்து சாக்கின் ஓரத்தைக் கவ்வியது. அவள் இழுத்தாள், அது இழுத்தது. காலையில் பசுவோடு இழுத்ததைத்தான் இப்போது நாயோடு இழுக்கிறோம் என்று பெமிலாவுக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை. கத்தியின் பின்பக்கத்தால் அதன் மூக்கில் ஒன்று வைத்தாள். மறுபடி ஓட்டம். ஓடையில் கால் வழுக்கி முழங்கால் வரை நனைந்தாள். இடது தோள் நெருப்பாக எரிந்தது, கையை மாற்றினாள். நாய்கள் குரைக்கவில்லை, அதுதான் பயம். மூச்சுச் சத்தம் மட்டும் பின்னாலேயே வந்தது.

வளைவில் பழைய கழிவின் நாற்றம் முகத்தில் அறைந்தது. சாக்கைத் தலைக்கு மேல் சுழற்றிக் குவியலின் மீது எறிந்தாள். கூட்டம் அதன்மேல் விழுந்தது. ஒரு நிமிஷம்கூட நிற்காமல் திரும்பி ஏறினாள். ஏறும்போதுதான் தெரிந்தது, செருப்பில் ஒன்று ஓடையோடு போய்விட்டிருந்தது.

மேலே வந்தபோது மணி ஒன்றரை. பசு அதே இடத்தில் நின்றது. இஞ்ஞாசி பாறைமேல் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணும் வரல. நான் போய்ச் சாயா எடுத்துட்டு வாறேன். நீ நிக்குத நெலயப் பாத்தா ஒனக்கும் ஊசி போடணும்போல இருக்கு" என்று ஷெட்டுக்கு நடந்தார்.

மேற்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாய்கள் சாக்கை எவ்வளவு நேரத்தில் தின்று தீர்க்கும்? ஒரு மணி நேரம்? மழை பெய்தால் கொடிக்குள் தண்ணீர் தேங்கும். ஒரு நாள்கூட ஆகாத உடம்பு எவ்வளவு குளிரைத் தாங்கும்? தேட வேண்டும். ஆனால் தேடக்கூடாது. பெமிலா ஒரு ரப்பர் மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பசுவை நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அது எந்தப் பக்கம் நகர்ந்தாலும் தெரிந்துவிடும் என்பது யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் பசுவும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தது. இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். பெமிலாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, உதறி நிமிர்ந்தாள். மறுபடி சாய்ந்தது. இம்முறை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர் இஞ்ஞாசி மட்டும்தான். பின்னாளில் ஷெட்டில் பால் ஊற்ற வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் அதைச் சொன்னார். சாயா பாத்திரத்தோடு மேட்டில் வந்தவர், ஏதோ தோன்றி அப்படியே நின்றுவிட்டார். பசு மேய்வதை விட்டு மெதுவாக நடந்து வந்தது. தூங்குகிறவளின் முன்னால் நின்றது. செருப்பில்லாத காலை முகர்ந்தது. பிறகு முழங்காலை முகர்ந்தது, கையை முகர்ந்தது. குறட்டை கேட்டு ஒரு எட்டுப் பின்வாங்கியது. மறுபடி வந்து முகர்ந்தது. "ஆளு உள்ளதா, போச்சான்னு டெஸ்ட் பண்ணுது, பாத்துக்க" என்பார் இஞ்ஞாசி. திருப்தியானதும், திரும்பிப் பார்க்காமல், பயற்றங்கொடி படர்ந்த சரிவில் ஏறியது.

பெமிலாவை எழுப்பியது ஒரு சத்தம். கத்தல் அல்ல. தொண்டைக்கும் கீழேயிருந்து, வாயைத் திறக்காமல், அதிர்வு மாதிரி வருகிற சத்தம். ரோஸி ஒருநாளும் அப்படிச் சத்தம் கொடுத்ததில்லை. கண்ணைத் திறந்தவள் அசையாமல் கிடந்தாள். முப்பது தப்படித் தூரத்தில், அவள் நான்கு முறை காலடித்து நடந்த அதே கொடிப் பரப்பில், பசு தலையைக் குனிந்து நின்றது. பட்டுப்போன ரப்பர் கன்றைப் பிடுங்கிய குழி ஒன்று அங்கே கொடிக்கு அடியில் மூடிக் கிடந்திருக்கிறது. குழிக்குள்ளிருந்து முதலில் இரண்டு காது வந்தது. பிறகு நனைந்த முகம். நான்கு கால்களும் நான்கு பக்கம் போக, எழுந்து, விழுந்து, எழுந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதாகப் பட்டது.

குடித்து முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள். அவசரம் இருந்தது, மழை இறங்கத் தொடங்கிவிட்டது, கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது. இருந்தும் காத்திருந்தாள். பிறகு எழுந்து, பக்கவாட்டாக நடந்து, கிட்டப் போனாள். பசு கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்து இடுப்பில் ஒரு முட்டு முட்டியது. பெமிலா உட்கார்ந்துபோனாள். உட்கார்ந்தபடியே கன்றை அணைத்துத் தூக்கினாள். பசு இரண்டாவது முட்டுக்கு வந்தது, கன்றின் மணம் பட்டதும் நின்றது.

"கெடேரியா?" என்று மேட்டிலிருந்து இஞ்ஞாசி கத்தினார்.

வாலைத் தூக்கிப் பார்த்தாள். "காளை!"

"சவம், இந்தப் பாடு பட்டு காளையா?"

"மடி சொரக்க காளைன்னாலும் போதும் அண்ணே. கிட்ட வரண்டாம், ஒம்மக் குத்தும்!"

பத்து, பன்னிரண்டு கிலோ இருக்கும். இரண்டு வாளிப் பாலைவிடக் குறைவுதான். ஆனால் வாளி உதைக்காது. கன்றை வயிற்றோடு தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, பசுவின் மூக்குக்கு எட்டும்படி முதுகைக் குனிந்து நடந்தாள். நிமிர்ந்து நடந்தால் பசு கன்றைத் தவறவிட்டு, பழைய குழிக்கே திரும்பி ஓடியது. அதனால் குனிந்தே நடந்தாள். மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவள் உட்கார்ந்தால் பசு நின்றது. எழுந்தால் நடந்தது. கயிறு இல்லை. காலையில் கயிறு போட்டு இழுக்க வேண்டியிருந்த மாடு, மழையில், பின்னாலேயே தொழுவம் வரை வந்தது.

கன்றை உலர்ந்த சாக்கால் துடைத்துப் போட்டாள். வாசலுக்குக் குறுக்கே இரண்டு கழியைக் கட்டி, போதாதென்று பழைய கதவுப்பலகையையும் சார்த்தினாள். கன்று ஒரு பக்கம் முட்டி முட்டிக் குடிக்கத் தொடங்கியதும், மறுபக்கம் போய் உட்கார்ந்து, உதைக்கு எட்டாமல் கையை நீட்டி ஒரு காம்பைப் பிடித்தாள். பசு காலைத் தூக்கியது. யோசித்தது. கன்று மறுபடி முட்டியது. கால் தரைக்கு இறங்கியது. மஞ்சளாக, கெட்டியாக, சீம்பால் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

கைபேசி அடித்தது. எட்சன்.

"என்னாச்சு ஏட்டி?"

கேமராவைத் திருப்பிக் காட்டினாள். எட்சன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான்.

"கெடேரியா?"

"காளை."

"காளையா..." இழுத்தான். "அத வச்சி என்ன செய்ய?"

"அது நின்னாத்தான் இது நிக்கும். அந்த ஆளக் கூப்பிட்டுச் சொல்லுங்க, சனியாழ்ச்ச வண்டி இங்க வரண்டாம்ணு. நான் சொன்னா வெல பேசுதேன்னு நெனைப்பாரு. நீங்க சொல்லுங்க."

"சொல்லுதேன்."

"இப்பமே சொல்லுங்க."

"சொல்லுதேன்ட்டி." பிறகு, "கஞ்சி குடிச்சியா?" என்று கேட்டான்.

"குடிக்கணும்" என்றாள் பெமிலா. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், எழுந்திருக்கவில்லை.